பதினோரு மணிக் காய்ச்சல்

மஞ்சூரில் ஆடி மாதம் என்றால்
மழை.
மழை விட்டால் பனிமூட்டம்.
எங்கள் நாலாம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள்,
மூன்று ஜன்னல்கள்.
குளிர் நுழையக் கூடாதென்று
எப்போதோ யாரோ
பெயின்டோடு சேர்த்து ஒட்டிவிட்டுப் போன ஜன்னல்கள்.

ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் வாங்கி
வாய்ப்பாடு ஒப்பித்தோம்.
ஈரெட்டு பதினாறில் ஒரு தும்மல்.
மூவெட்டு இருபத்துநாலில் ஏழு.

முழங்கை மடிப்பில் இருமுங்கள் என்றேன்.
எல்லா ஸ்வெட்டரும்
முழங்கையில்தான் கிழிந்திருந்தது.

பிறகு சத்துணவில் முட்டை மிஞ்சியது.
முட்டை மிஞ்சிவிட்டால்
டாக்டர் வந்து சொல்ல வேண்டியதில்லை.

காய்ச்சல் காலையில் வராது.
இது புரிய எனக்கு மூன்று வருடம் ஆனது.
ஆறரைக்குத் தேத்தண்ணியோடு அரை மாத்திரை.
ஏழரைக்கு அம்மா கொழுந்துக்குப் போய்விடுவாள்.
எட்டே முக்காலுக்கு
தலை சீவி, பவுடர் பூசி, நெற்றி ஜில்லென்று
"உள்ளேன் டீச்சர்."
மாத்திரை தீர்கிற நேரம் பதினொன்று.
மேலே தோட்டத்தில் நிறுவைக்குச் சங்கு ஊதும்.
இங்கே ஒரு தலை
சத்தமில்லாமல் டெஸ்கில் சாயும்.

யோகமலர் அப்படித்தான் சாய்ந்தாள்.
தொட்டேன். தோசைக்கல்.
"ஏன்டி வந்தே?"
அவள் பேசவில்லை. கண் மட்டும்
பீரோவுக்குப் போய்த் திரும்பியது.

பீரோ மேல்தட்டில்
ஜூனிலிருந்து உட்கார்ந்திருக்கிறது
இரண்டடுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.
ஒரு நாளும் லீவு போடாத பிள்ளைக்கு.
நானே குன்னூரில் வாங்கியது.
பேர் வெட்ட மட்டும்
மார்ச் வரை இடம் விட்டு வைத்தது.

அவள் அம்மா புஷ்பகாந்தி
இடுப்புப் படங்கு சொட்டச் சொட்ட ஓடி வந்தாள்.
"இன்னிக்கு அரைப் பேருதான் விழும், டீச்சர்."
கோபமாகச் சொல்லவில்லை.
அதுதான் என்னை என்னவோ செய்தது.

உடம்பு சரியில்லாத பிள்ளையை
வீட்டிலேயே வைத்திருங்கள் என்று
ஒவ்வொரு நோட்டிலும் எழுதி அனுப்பியவள் நான்.
வீட்டில் யார் என்று எழுத
அந்த நோட்டில் கோடு இல்லை.

வழி கண்டுபிடித்தது நானல்ல.
லைன் வீட்டுப் பெண்கள் ஐந்து பேர்.
இருமுகிற பிள்ளைகள் எல்லாம் கடைசிக் காம்பராவில்.
நாளுக்கு ஒருத்தி அவர்களோடு கஞ்சிப் பானையும் கையுமாக.
மற்ற நாலு பேர் சாக்கிலிருந்தும்
ஆளுக்கு நாலு கிலோ
அவள் கணக்குக்கு நகரும்.
நிறுக்கும்போது மேஸ்திரி
எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.
எதிர்மலையே தெரியாத பனி.
வராதவளுக்கும் முழுப் பேர் விழுந்தது.

சனிக்கிழமை
சமையல் மாதம்மா கொடுத்த அரிவாளால்
ஜன்னலைச் சுற்றிக் கீறினேன்.
முதல் இரண்டும் திறந்தன.
மூன்றாவது கண்ணாடியோடு கையில் வந்துவிட்டது.
திங்கட்கிழமை பனி உள்ளே வந்து
முதல் பெஞ்சில் உட்கார்ந்தது,
புதிதாகச் சேர்ந்த பிள்ளை போல.
சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு
நாலெட்டு முப்பத்திரண்டு.
பற்கள் தந்தியடித்தன,
ஆனாலும் தும்மல் குறைந்தது.
சரியாக எண்ணவில்லை, குறைந்த மாதிரி இருந்தது.

டிபன் பாக்ஸை இரண்டாகக் கழற்றி
இரண்டு குழாயடியிலும் வைத்தேன்,
சோப்பு போட்டு.
முதல் நாளே ஒரு சோப்பைக் குரங்கு கடித்து
சத்துணவுக் கூரையிலிருந்து துப்பியது.
அன்று பள்ளிக்கூடமே
நுரை வரக் கை கழுவியது,
குரங்கு பார்க்கட்டுமென்று.

வியாழக்கிழமை பதிவேடு எடுத்தேன்.
"யோகமலர்?"
"வீட்ல, டீச்சர்!"
இருபது குரல்கள் ஒன்றாக,
அதுவும் ஒரு சரியான விடை போல.
ஐந்து வருடத்தில் அவள் பெயருக்கு நேரே
முதல் சிவப்பு மை.
சாய்ந்துவிடாமல்
நிதானமாக எழுதினேன்.

பதினோரு மணிக்குச் சங்கு ஊதியது.
தலைகளை எண்ணினேன்.