மூன்றேமுக்கால் காலி

குழாய்க்கு ஒரு வாஷர் வாங்கத்தான் போனேன்.
ஞாயிற்றுக்கிழமை.
வால்டிவியாவில் மழை பெய்கிறதென்று யாரும் சொல்வதில்லை,
பெய்யாவிட்டால்தான் சொல்வோம்.

ஆற்றங்கரைச் சந்தையில் பிளாஸ்டிக் கூரையின் கீழ்
காது போன கோப்பைகள்,
ஒற்றை ஸ்கேட்டிங் ஷூ,
யாரோ துணியில் தைக்கத் தொடங்கி
கறுப்பு நூல் தீர்ந்ததாலோ என்னவோ
கழுத்தில்லாமல் நிறுத்திய அன்னம்.
அதன் பக்கத்தில்
நான் செய்த ஸ்டூல்.

நாலு கால் இருப்பதால் முக்காலி அல்ல.
சாய முதுகில்லை, நாற்காலியும் அல்ல.
ஒரு கால் குட்டை.
மூன்றேமுக்கால் காலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மர ஆலையை மூடிய குளிர்காலம் அது.
எலெயுதேரியோ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.
ராயென் என் வயிற்றில் ஏழு மாதம்.
ஆலை வாசலில் பொறுக்கிய பலகை,
பக்கத்து வீட்டு ஓர்மிண்டாவிடம் இரவல் வாங்கிய ரம்பம்.
அளவுகோல் இல்லை. நூலால் அளந்தேன்.
நூல் நனைந்திருந்தது.

ஆடியது.
கவிழ்த்துப் போட்டு அடிப்பலகையில்
பென்சிலால் எழுதினேன்:
"ஒரு கால் குட்டை. பொறுத்துக்கொள்ளவும்."
யாரிடம் கேட்டேன் என்று
இன்றுவரை தெரியவில்லை.

எட்டு வருஷம் அந்தக் காலுக்கடியில்
கரண்ட் பில்லை நாலாக மடித்து வைத்தோம்.
பில் மாறும், ஆட்டம் மாறாது.
அப்புறம் ஒருநாள் அவன் கிளம்பினான்,
இரண்டு பெட்டி, ஒரு ரேடியோ.
ரேடியோவைக் கேட்டு எடுத்துக்கொண்டான்.
ஸ்டூலைக் கேட்காமல்.

"நூறு வருஷத்துப் பொருள் அம்மா,
ஜெர்மன்காரர்கள் கப்பலில் கொண்டுவந்தது"
என்றான் கம்பளித் தொப்பிக்காரப் பையன்.
அப்படியா, என்றேன்.
"இந்த மாதிரி வேலை இப்போது யார் செய்கிறார்கள்?"
யாரும் செய்ய மாட்டார்கள் தம்பி.
அது மட்டும் சத்தியம்.

எட்டாயிரம் பேஸோ சொன்னான்.
இழைப்பு முரடு, மூலை கோணல்,
செய்தவளுக்குத் தொழில் தெரியாது என்று
என்னையே வாய் ஓயாமல் குறை சொல்லி
மூவாயிரம் மிச்சம் பிடித்தேன்.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
யாரோ கடுகு மஞ்சள் அடித்திருக்கிறார்கள்.
நல்ல கை, தூரிகைத் தடமே தெரியவில்லை.

வீட்டில் கவிழ்த்தோம், ராயெனும் நானும்.
குட்டைக் காலின் நுனியில்
ஒயின் பாட்டில் தக்கை ஒன்று,
காலின் அளவுக்கே செதுக்கி
இரண்டு மெல்லிய ஆணியில் நிறுத்தியிருந்தது.
எலெயுதேரியோ அடித்த ஆணி எதுவும்
நேராக நின்றதில்லை.

என் பென்சில் வரிக்குக் கீழே
நீல மையில், சாய்ந்த சின்ன எழுத்தில்
ஒரு பதில்:
"சரிசெய்தாயிற்று."

"யாரும்மா?"
தெரியாது.
"கோபமா?"
அடுப்பில் விறகு வை, அணையப் போகிறது.

கொஞ்ச நேரம் எழுத்தையே பார்த்திருந்தேன்.
'ச'வுக்கு வால் நீளம். அவசரக்காரி இல்லை.
அவளும் இதில் உட்கார்ந்து ஆடியிருப்பாள்.
மறுநாளே எழுந்துபோய்ச் சுத்தியலைத் தேடியிருப்பாள்.
எனக்கு எட்டு வருஷத்தில் தோன்றவில்லை,
குடித்துப் போட்ட தக்கைகள்
எத்தனையோ கிடந்தும்.
அவளாகவே இருக்க வேண்டுமென்றும் இல்லை,
எத்தனை வீடு ஏறி இறங்கியதோ.

இப்போது அதில் உட்கார்ந்து அவரை உரிக்கிறேன்.
கல் மாதிரி நிற்கிறது.
இடுப்புதான் பழக்கத்தில்
இடப்பக்கம் சாய்ந்து
வராத ஆட்டத்துக்குக் காத்திருக்கிறது.

மஞ்சளைச் சுரண்டி எடுக்கலாமா, என்கிறாள் ராயென்.
வேண்டாம், இருக்கட்டும்.

வாஷர் வாங்க மறந்தேபோனேன்.
ராத்திரி முழுக்கச் சொட்டுமே என்றதும்
அவள் குழாய் வாயில் ஒரு நூலைக் கட்டினாள்.
நீர் இப்போது சத்தமில்லாமல்
நூல் வழியே இறங்குகிறது.