ஆறாம் குழாய்

மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை, காலை ஏழரை.
செத்தாப்பாக் அடுக்குமாடிக்குப் பின்னால்
சிமெண்டுச் சட்டை மாட்டிவிடப்பட்ட பூனுஸ் ஆற்றுக்குள்
இரும்பு ஏணியில் இறங்குகிறோம் ஐந்து பேர்.

ரொஸ்னாவிடம் வெப்பமானி.
சூ யீனிடம் கயிறு கட்டிய வாளி.
குறிப்பேடு என்னிடம்.
பல் மருத்துவமனையில்
அடுத்த தேதி எழுதிக் கொடுப்பவள் என்பதால்
என் எழுத்து எல்லாருக்கும் புரியுமாம்.

நீளக் குழாயின் அடியில் ஒரு பெருக்கல் குறி.
அது மறையும்வரை ஆற்றை ஊற்ற வேண்டும்.
மார்ச்சில் பதினெட்டு சென்டிமீட்டர்.
மே மாதம் பதினொன்று.
அதற்குக் கீழே என்ன இருந்தாலும்
ஆறு சொல்வதில்லை.

பிறகு அமோனியா.
பத்துச் சொட்டு மருந்து, ஐந்து நிமிடம்.
பச்சையானால் கெட்டது.
ஒருமுறை மஞ்சளாகவே நின்றது.
கைதட்டினோம்; பாலத்தில் போன ஒரு மோட்டார்காரர்
காரணம் தெரியாமல் ஹார்ன் அடித்தார்.
ரொஸ்னா பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள்:
மருந்து காலாவதியாகி எட்டு மாதம்.
எழுதிய எண்ணை அடிக்க மனம் வரவில்லை.
சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.

ஏப்ரலிலிருந்து எண்ணெய்.
மயில் கழுத்து நிறத்தில் ஒரு படலம்.
பார்க்க அழகாக வேறு இருந்தது,
அதுதான் எரிச்சல்.
மாநகர மன்றத்துக்குப் போன் செய்தால்,
'எந்தக் குழாய் என்று சொல்லுங்கள், வருகிறோம்.'
கரையில் பதினான்கு குழாய்கள்
பதினான்கு வாய்கள்
ஒன்றும் வாய் திறக்கவில்லை.

கேசரிப் பவுடர் என் யோசனை.
கடைவரிசையின் பின்னால்
ஒவ்வொரு லொங்கானிலும் ஒரு கரண்டி கரைத்து ஊற்றினோம்.
டயர் கடை: மூன்றாம் குழாய், எண்ணெய் இல்லை.
சலவைக் கடை: ஒன்பது, நுரை மட்டும்.
நான்காவது கடைக்கு ஊற்றியதும்
ஆறாம் குழாயிலிருந்து
மயில் கழுத்தைக் கிழித்துக்கொண்டு
தீபாவளிக் கேசரி நிறத்தில் இறங்கியது தண்ணீர்.

நான்காவது கடை
சுபாங்கினி வாழையிலை உணவகம்.
சுபாங்கினி என் தங்கை.

யாரும் என்னைப் பார்க்கவில்லை.
'இருபத்தொன்பது டிகிரி' என்றாள் ரொஸ்னா.
கொஞ்ச நேரம் கழித்து,
'இருபத்தொன்பது' என்றாள் மறுபடியும்.

எண்ணெய்த் தடுப்புப் பெட்டியின் மூடி
துருவோடு ஒட்டிப்போயிருந்தது.
சுத்தியலால் தட்டித் திறந்தோம்.
உள்ளே வெள்ளையாய் உறைந்து கிடந்தது
நான்கு வருஷத்து ஆட்டிறைச்சிப் பிரட்டலும்
அப்பளம் பொரித்ததும்.
அதில் நானும் சாப்பிட்டிருக்கிறேன்,
காசு கொடுக்காமல்.

'எல்லாக் கடையும் இப்படித்தானேக்கா' என்றார் குணாளன்.
'குடும்ப விஷயத்தை ஆத்துல விடாதீங்க.'
'ஆத்துல விட்டது நானில்லையே' என்றேன்.
சாமர்த்தியமாகச் சொல்லிவிட்டதாக
லிஃப்ட் ஏறும்வரை நினைத்திருந்தேன்.

இரவு குறிப்பேட்டில்
ஆறாம் குழாய். எண்ணெய். வருமிடம்:
அதற்குமேல் பேனா போகவில்லை.
பல் பிடுங்க வருகிறவர்களிடம்
'வலிக்காது' என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்.
தெளிவான எழுத்தில்
தங்கையின் பெயரை எழுதினேன்.

மூன்று வாரம் போன் இல்லை.
அவள் மகன் பிறந்தநாள் படங்களை
ரொஸ்னாவின் கைப்பேசியில் பார்த்தேன்.

ஜூன், மூன்றாம் சனிக்கிழமை.
ஏணியின் மேலே ரப்பர் கையுறை போட்ட இரண்டு கைகள்.
பக்கத்தில் ஓர் எண்ணெய் டின்,
மூடி போட்டு, கயிறு கட்டி.
'பழைய எண்ணெய் எடுக்கும் லோரி
பத்து மணிக்கு வருது' என்றாள்,
சூ யீனைப் பார்த்து.

என்னிடம் எதுவும் பேசவில்லை.
இறங்கி வந்து
குழாயின் மேல் ஒரு கண்ணை வைத்தாள்.
நான் வாளியைச் சரித்தேன்.
'இன்னும் தெரியுது' என்றாள்.
'ஊத்து.'
ஊற்றினேன்.
'தெரியுது. ஊத்து.'

பதின்மூன்று என்று எழுதினேன்.
பக்கத்தில், சின்னதாக:
நேற்று மழையில்லை,
அதனாலும் இருக்கலாம்.