எண்பத்தெட்டாவது விறகு

டாக்டர் எழுதிக் கொடுத்தது மாத்திரை அல்ல,
பதினான்கு நாள்.
ஈஸ்டருக்கு முன்னால்
காரில் ஏற்றினோம்
ரொட்டி, ஆரஞ்சு, பனிச்சறுக்குக் கட்டைகள்,
ஏழு வயது எஸ்கில்.
முன்னிருக்கையில் என் மனைவி ராங்ஃப்ரித்.
அவள் மடியில் வெறுங்கை இரண்டு,
யாரோ கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன
பொருள் மாதிரி.

நாலு மணி அடித்தால்
நாடே கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும் நார்வேயில்
ஸ்டவாங்கர் கப்பல் கம்பெனியின் ஐந்தாம் மாடி விளக்கை
அணைத்துவிட்டு வருகிறவள் அவள்.
குடி என்றால் அக்கம்பக்கம் பரிதாபப்பட்டிருக்கும்.
இதற்குக் கண்ணாடிக் கோப்பை கொடுத்தார்கள்.
அதில்தான் நான் கார் சாவி போட்டு வைக்கிறேன்.

மலைமேல் மரவீடு.
கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை.
அவளாகவே போனை ரொட்டி டப்பாவில் போட்டு மூடினாள்.
எஸ்கில் கைதட்டினான்.

முதல் நாள் முழுக்கத் தூங்கினாள்.
இரண்டாம் நாள் ஜன்னல்களைத் துடைத்தாள், உள்ளும் புறமும்.
மூன்றாம் நாள் விறகெடுக்கப் போனேன்.
ஒவ்வொரு கட்டையின் முகத்திலும்
தச்சன் பென்சிலால் ஓர் எண்.
"ராத்திரிக்கு எட்டு, பதினோரு ராத்திரி,
சரியாக வரும்" என்றாள்,
ஏதோ பிடிபட்டவள் போல.

லூடோ விரித்தான் மகன்.
"ஒரு ஆட்டம் எத்தனை நிமிஷம்?"
அவன் யோசித்து, நேர்மையாகச் சொன்னான்:
"யாராவது ஜெயிக்கிற வரைக்கும்."

ஐந்தாம் இரவு,
"பனி பார்த்துவிட்டு வருகிறேன்."
ஆறாம் இரவும்.
ஏழாம் இரவு டப்பாவைத் திறந்தேன்.
ரொட்டி இருந்தது.

பூட்ஸை மாட்டினேன்.
நிலா; பிர்ச் மரங்களுக்கிடையே
மூன்று இரவு நடந்து இறுகிய ஒற்றைத் தடம்.
ஏறும்போதே சொற்களை அடுக்கினேன்,
கடைசிச் சொல் மிகக் கூர்மையாக வரும்படி.
(இந்த வீடே அவளுடைய சனிக்கிழமைகளால் வாங்கியது.
கையெழுத்துப் போட்ட அன்று
நான் எதுவும் கேட்கவில்லை.
அந்தச் சொல்லை மட்டும்
அடுக்கில் சேர்க்காமல் விட்டேன்.)

உச்சியில், மிதித்து மிதித்து வட்டமான ஓரிடம்.
கையுறையைப் பல்லில் கவ்வியபடி
மைனஸ் பதினைந்தில் வெறும் விரலால்
யாருக்கோ பதில் தட்டிக்கொண்டிருந்தாள்.
வெளிச்சம் கீழிருந்து முகத்தில் அடித்தது.
சிரித்தாள்.
குற்றமுள்ளவள் சிரிப்பல்ல.
அந்த முகம் எனக்குத் தெரியும்:
எஸ்கில் பிறந்த விடியற்காலை பார்த்தேன்.
இத்தனை வருஷம்
அது எங்களுடையது என்று நினைத்திருந்தேன்.

கூப்பிடவில்லை.
அவள் தடத்துக்குள்ளேயே என் காலை வைத்து வைத்து
இறங்கினேன், இரண்டாவது தடம் விழாதபடி.
இப்போது வீட்டில் திருட்டுத்தனம்
இரண்டு பேருக்கு.

போர்வைக்குள் அவள் பாதம் என் கெண்டைக்காலைத் தொட்டது,
ஐஸ் மாதிரி.
"பனி எப்படி?"
"நிறைய" என்றாள்.
காலை நான் நகர்த்திக்கொள்ளவில்லை.

கடைசி ராத்திரி விறகு ஏழுதான் இருந்தது.
மூன்று முறை எண்ணினாள்.
கூடையைக் கவிழ்த்தாள், வாசலில் பனியைக் கிளறினாள்.
கணக்குத் தவறியதைவிட
தன்மேல் வந்த சந்தேகம் அவளை உலுக்கியது.
அடுப்பு விடிவதற்கு முன்பே அணைந்தது.

காலையில் காரில்,
எஸ்கில் கோட்டுக்குள் ஏதோ புடைத்திருந்தது.
எண்பத்தெட்டு.
"இது எதற்கடா?"
"அம்மா எழுதினது" என்றான்,
பட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

ராங்ஃப்ரித் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
இரண்டாவது வளைவில் சிக்னல் வந்திருக்க வேண்டும்;
அவள் கோட்டுப் பையில்
வண்டு மாட்டிக்கொண்டது போல உறுமல்,
நின்று, மறுபடி உறுமல்.
கை பைக்குப் போகவில்லை.
மூன்றாவது வளைவு.
நான்காவது.
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி
நான் எண்ணத் தொடங்கியிருந்தேன்.