ஐந்தைத் தாண்டினால்

கம்பம்மெட்டில் மழை இறங்கும் நேரம்.
இரண்டு முறை கரண்ட் போய் வந்துவிட்டது.
கிட்டங்கியை ஒட்டிய அறையில்
மூட்டையோடு மூட்டையாக
முனகிக்கொண்டிருக்கிறது சர்வர்.

"குப்பை மெயில் ஒண்ணும் உள்ள வரக்கூடாது."
முதலாளிக்கு அதற்குமேல் இதில் வேலையில்லை.

சொல்லுக்குச் சொல் விலை வைக்கிறேன்.
இலவசம்: ஒன்றரை.
மூன்று ஆச்சரியக்குறி சேர்ந்து நின்றால்: இரண்டு.
லாட்டரி: மூன்று.
மெட்டைத் தாண்டினால் தெருவுக்கு நாலு கடை,
இந்தப் பக்கம் குற்றம்.
ஏலம் என்ற சொல்லில் கை நின்றது.
காயும் அதுதான், கூவி விற்பதும் அதுதான்.
அதற்கு விலை வைத்தால்
கம்பெனியையே குப்பையில் போடவேண்டும்.
பூஜ்யம்.

கூட்டினால் ஐந்தைத் தாண்டுவது தடுப்பறைக்கு.

முகம் தெரியாத சர்வர் தட்டினால்
ஐந்து நிமிடம் கழித்து வா என்று சொல்லச் சொன்னேன்.
களவாணிக்குக் காத்திருக்க நேரமிராது.
செக்போஸ்ட்டில் மடக்கிய லாரிக்காரன்
கீழே இறங்குவான், பீடி பற்றவைப்பான்,
திரும்ப வருவான்.

தடுப்பறையில் நானூற்றுப் பதினொன்று.
வழுக்கைக்கு எண்ணெய். முடங்கப்போகும் வங்கிக் கணக்கு.
நடுவில் ஒன்று, குமுளியிலிருந்து:

மொக்கைச்சாமி அண்ணனுக்கு
லாட்டரி அடிச்சு!!! அம்பதினாயிரம்!!!
வேகம் வரணும்.
சஜிமோன், டிக்கெட் கடை.

பதினொன்று புள்ளி நான்கு.
பதிவேட்டில் தேடினேன்.
கழித்து வா என்றதும் போய்
ஆறாம் நிமிடம் திரும்பி வந்திருக்கிறது.
வந்து இருபத்தாறு நாள்.
முப்பதில் தானாக அழியும்,
அதையும் நான்தான் எழுதிவைத்தேன்.

எடைமேடைக்கு ஓடினேன்.
மொக்கைச்சாமி சாக்குத் தைத்துக்கொண்டே கேட்டார்.
"நமக்கெல்லாம் அப்படி விழுகாது தாயீ.
எவனோ ஏமாத்துறான். அழிச்சு விடு."

டிக்கெட் இருக்கா?

"இருக்கும். ஊதாச் சட்டையில."
கோணூசி சாக்கில் பாதி.
"சட்டைய மச்சினன் போட்டுக்கிட்டு
வண்டிப்பெரியாறு போயிட்டான்."
மீதிப் பாதியும் போனது.

அறைக்கு வந்து
சஜிமோன் பெயரை வெள்ளைப் பட்டியலில் சேர்த்தேன்.
லாட்டரிக்கு எதிரே இருந்த மூன்றை
அழித்தேன். திரும்பவும் மூன்றே போட்டேன்.

மழை ஓட்டுக்கு வந்துவிட்டது.
அதற்குள்ளும் கேட்டுக்கொண்டிருந்த கோணூசிச் சரசரப்பு
எப்போது நின்றது என்று தெரியவில்லை.

வாசலில் அவர்,
கையைச் சாக்கில் துடைத்தபடி.
"அந்த போனைக் கொஞ்சம் குடு தாயீ."