மயிரிழை

முதலாவதை உடைத்தவன் போஹுஸ்லாவ்.
நவம்பரில், இதே சமையலறை மேசையில்,
ஹீட்சிங்கின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தும்போது
'டிக்' என்றது.
கொக்கி மாட்டிய சத்தம் என்றுதான் இருவரும் நினைத்தோம்.
பிராசசரின் நகத்தளவுச் சிலிக்கானில்
ஒரு மூலையைக் காணோம்.
அதற்கு முந்தின வாரம்தான்
விவாகரத்துத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தோம்.
அங்கும் பெரிய சத்தமெல்லாம் இல்லை.

இரண்டாவதற்கு என் அரைமாதச் சம்பளம்.
கூடவே ஒரு ஷிம்,
ஒலொமௌட்ஸிலிருந்து தபாலில்:
செம்புத் தகடு, நடுவில் சதுர ஓட்டை.
சிலிக்கானைச் சுற்றி உட்கார்ந்து
மேலிருந்து வரும் பாரத்தைத் தான் வாங்கிக்கொள்ளுமாம்.
இனி யார் எப்படி அழுத்தினாலும் உடையாது
என்றது உறை.

உடைத்தவனையே கூப்பிட்டேன்.
ஒஸ்த்ராவாவில், ஞாயிற்றுக்கிழமை, மைனஸ் பதினான்கில்
வேறு யார் வருவார்கள்.

பேஸ்ட் ஓர் அரிசியளவு.
கொக்கி மாட்டியது. எதுவும் உடையவில்லை.
திரையில் எண் ஏறியது:
அறுபத்தெட்டு, எண்பது, தொண்ணூற்றொன்று.
பிளக்கைப் பிடுங்கினேன்.
ஹீட்சிங்கைத் தொட்டுப் பார்த்தான். ஜில்லென்றிருந்தது.

"பேஸ்ட் பத்தவில்லை" என்றான்.
பட்டாணியளவு வைத்தான். எண்பத்தொன்பது.
ரொட்டிக்கு வெண்ணெய்போல் வழித்துத் தடவினான்.
தொண்ணூறு.
அது பசை இல்லை, போஹோஷ்,
தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டின் நடுவே
மிச்சமிருக்கும் காற்றை வெளியேற்றத்தான் அது,
தொடாத இடத்தில் வெறும் சேறு.
இதைப் படித்திருந்தேன். சொல்லவில்லை.

கழற்றினேன், ஸ்பிரிட்டால் துடைத்தேன்,
சவர பிளேடை மேலே நிமிர்த்தி
ஜன்னலுக்கு நேரே பிடித்தேன்.
பிளேடு ஷிம்மின் இரு கரையிலும் நின்றது.
நடுவில், சிலிக்கானுக்கு மேலே,
ஒரு மயிரிழைக்கு
எதிர் பிளாக்கின் பனிவெளிச்சம்.

"தூக்கிப் போடு அதை" என்றான்,
"இந்த முறை மெதுவாக அழுத்துகிறேன்."
மாட்டேன் என்றேன்.
ஃபிரிட்ஜின் கண்ணாடித் தட்டை மேசையில் கவிழ்த்து,
உப்புத்தாளை நனைத்து விரித்து,
லைசென்ஸுக்கு எட்டுப் போடுவதுபோல்
தகட்டைத் தேய்த்தேன்.
ஐம்பது சுற்றுக்கு ஒருமுறை அவன்
விளக்கடியில் பிளேடு வைத்துப் பார்த்தான்.
"வெளிச்சம்."
"இன்னும் வெளிச்சம்."
இரண்டு மணி நேரம் வேறு பேச்சே இல்லை.
என் விரல்களில் செம்புச் சேறு,
அவன் மூச்சில் நான் விட்டுப்போன சிகரெட்.
"இருட்டு" என்றான் கடைசியில்.

பேஸ்ட் கடுகளவு.
அவனே அழுத்தட்டும் என்று விட்டேன்.
கண்ணை மட்டும் மூடிக்கொண்டேன்.

நாற்பத்தாறில் நின்றது.
ஹீட்சிங்க் வெதுவெதுப்பாக இருந்தது.
அதன்மேல் ஆளுக்கொரு விரல் வைத்திருந்தோம்,
ஃபேன் காற்றில்,
தேவைக்குச் சற்று அதிக நேரம்.

கடைசி டிராம் பதினொன்று இருபதுக்கு.
பணிமனையில் அந்த அட்டவணையைத் தட்டச்சுகிறவளே நான்.
சொன்னேன்.
கோட்டை மாட்டிக்கொண்டு போனான்.

மேசைவிரிப்பில்
அவன் முழங்கை ஊன்றிய இடத்தில் வெள்ளைப் பேஸ்ட்.
மூன்று தடவை துவைத்தாயிற்று.
போனபாடில்லை.