இருபத்துமூன்றாம் வரி

வியாழன் இரவு பதினொன்றரை.
மேற்குக் கான்சாஸின் காற்று
பெயர்ப்பலகைத் தகரத்தை ஓயாமல் அறைகிறது.
சலவைக்கடையில் ஒடிலியா இஷ்கோய் மட்டும்.
ஆறாம் எண் உலர்த்தியில்
அம்மாவின் வெள்ளை அங்கிகள் சுழல்கின்றன.
இறைச்சி ஆலையின் வாடை
எவ்வளவு சோப்புக்கும் முழுசாகப் போவதில்லை.

ஒரு கால் டாலர் காசுக்கு எட்டு நிமிடம்.
கையில் நான்கு காசு.
மடியில் பள்ளிக்கூடம் இரவல் தந்த கணினி.
மூன்றாம் எண் விசை பிய்ந்துபோய்
ரப்பர் மொட்டை நகத்தால் அழுத்தவேண்டும்.

மூன்று கடிதங்கள்.
மூன்றும் 'வாழ்த்துகள்' என்றே ஆரம்பிக்கின்றன.
மூன்றிலும் கணினி அறிவியல் துறையின் படம்:
எல்லோரும் புல்வெளியில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள்,
ஒருவரும் நிரல் எழுதுவதாகத் தெரியவில்லை.

மாநிலப் பல்கலைக்கழகம், வருடத்துக்கு 27,400.
கிழக்கே, கடலோரத்தில் ஒன்று: 84,000.
யானை விலை.
விண்ணப்பக் கட்டணம் தள்ளுபடி என்றதால்
ஒரு மாலை விளையாட்டாய்ப் போட்டது.
உள்ளூர்க் கல்லூரி டயர்க்கடைக்குப் பின்னால்.
இரண்டே வருடம், அப்புறம் வேறிடம் தேடவேண்டும்.

மூன்றும் மூன்று விதமாய்க் கூட்டிக் காட்டுவதால்
அவளே ஒரு நிரல் எழுதினாள், பத்தொன்பது வரி.
செலவில் உதவியைக் கழி. மீதியைச் சொல்.

சொன்னது:
மாநிலம், கழித்தல் நூற்று நாற்பது.

அப்படியானால் கல்லூரிதான் எனக்குப் பணம் தரவேண்டும்!
உரக்கச் சிரித்தாள்.
சோப்பு விற்கும் இயந்திரம் மட்டும் கேட்டது.

ஏழாம் வரி சரி.
பதினோராம் வரி சரி.
திறந்த அடைப்புக்குறியெல்லாம் மூடித்தான் இருக்கிறது.
பிழை நிரலில் இல்லை,
கடிதத்தில்.
'உங்களுக்கான உதவி' என்ற தலைப்பின் கீழ்
மானியம் ஒன்பதாயிரம்.
வளாக வேலை இரண்டாயிரத்து ஐந்நூறு.
அதே எழுத்தில், அதே கறுப்பில்
மாணவர் கடன் ஐயாயிரத்து ஐந்நூறு.
அதற்கும் கீழே
பெற்றோர் கடன் பத்தாயிரத்து ஐந்நூற்று நாற்பது.
அம்மா கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில்
ஒரு சின்ன மஞ்சள் ஒட்டுத்தாள்,
ரொம்ப அன்பாக.

இருபதாம் வரி எழுதினாள்:
கடன், உதவி ஆகாது.

மாநிலம் 15,900.
உள்ளூர் பூஜ்யம்.
கிழக்கு 4,700.

நம்பவில்லை. இன்னும் இரண்டு தடவை ஓட்டினாள்.
எண்பத்துநாலாயிரத்தின் பூஜ்யங்களை
விரல் வைத்து எண்ணினாள்.
கிழக்கின் கடிதத்தில் கடன் என்ற சொல்லே இல்லை.
யானை அசையாமல் நின்றது,
ஆட்டு விலைக்கு.

உலர்த்தி நின்றது. இரண்டாம் காசு.

கடிதங்கள் எழுதாததை அவள் சேர்க்கத் தொடங்கினாள்:
போக வர பேருந்து, முப்பத்தொரு மணி நேரம்.
குளிர்கோட்டு.
விடுதி மூடும் டிசம்பரில் படுக்க ஓரிடம்.

மூன்றாம் காசு.

இருபத்துமூன்றாம் வரியில் ஒரு பெயர் மட்டும் வைத்தாள்:
செவ்வாய்க்கிழமைகள்.
அம்மாவின் மணிக்கட்டை மருத்துவரிடம் காட்டி
கிச்சேயில் கேட்டதை ஆங்கிலத்தில் சொல்லி
ஆங்கிலத்தில் கேட்டதில் பாதியை மட்டும்
கிச்சேயில் சொல்லும் நாள்.
சமக்குறிக்குப் பிறகு ஒன்றும் எழுதாமல்
ஓட்டிப் பார்த்தாள்.

பிழை, என்றது திரை.
வரி இருபத்துமூன்று.
மதிப்பு தரப்படவில்லை.

அங்கிகளின் கழுத்துப்பட்டை இன்னும் ஈரம்.
கடைசிக் காசைப் போட்டாள்.
எட்டு நிமிடம்.