ஏழு மோதிரம்

வார்டோ தீவில் டிசம்பர். விடியவே விடியாது.
மீன் ஆலை விடுதியில்
தோர்லைஃப் ஆக்டோபஸ் ஆகியிருக்கிறான்.

கவசம் எதுவும் ஏறாது.
வழவழ உடம்பு; எலி கடித்தாலே பாதி உயிர்.
ஆனால் கைக்கொரு மோதிரம், மொத்தம் எட்டு போடலாம்.

ஏழு சேர்த்துவிட்டான்.
நெருப்புக்கு, விஷத்துக்கு,
போட்டும் விளங்காத ஒன்று.

வெட்டு இயந்திரம் போன வருஷம் எடுத்தது போக
மிச்சம் எட்டு விரல்
விசைப்பலகை மேல் தடதடக்கிறது.
பாதாளத்தின் ஐந்தாம் தளம். முன்னே ராட்சதன்,
பின்னே கிடுகிடு பள்ளம்.

ஒரே அடி.

செத்தபின்தான் திரை
மோதிரங்களுக்குப் பேர் சொல்லும்.
"அந்த விளங்காதது எதுக்காம்?"
காபியோடு எட்டிப் பார்க்கிறாள் டொவிலே.

"பறக்கிறதுக்கு."

ஷிப்டுக்கு இன்னும் இருபது நிமிஷம்.
முதல் தளம். வெறுங்கை எட்டு.
அதோ ஓர் எலி.